நெஞ்சில் ஓர் ஆலயமும் ஒரு அர்ச்சனைச் சீட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படிங்க.

கிள்ளான்ல எங்க கோயில்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் அர்ச்சனைச் சீட்டு கவுண்டர் என் பொறுப்பு. 11 வருஷமாச்சு. பேரு, ராசி, நட்சத்திரம் கேட்டு எழுதணும், காசை வாங்கிட்டுச் சீட்டைக் கொடுக்கணும். கூட்ட நேரத்துல யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒரு குரல் கேட்டு நிமிர்ந்தேன்.

"வீட்டுக்காரர் பேர்ல ஒரு அர்ச்சனைண்ணா. வர்ற புதன்கிழமை ஆபரேஷன்."

40 வருஷம் கழிச்சும் அந்தக் குரலை எனக்குத் தெரிஞ்சது. காப்பார் பக்கம் ஒரே தோட்டத்துல வளர்ந்தவங்க நாங்க. ஒரே பள்ளி பஸ். நான் ஐந்தாம் படிவம், அவங்க நாலாம் படிவம். மனசுல இருந்ததை ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. அவங்க கல்யாணத்துல பந்தியில சாம்பார் வாளி தூக்கினவன் நான். அப்புறம் தோட்டத்தை வித்துட்டாங்க. ஜனங்க ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க.

அவங்களுக்கு என்னை அடையாளம் தெரியலை. "நன்றிண்ணா"ன்னு சீட்டை வாங்கிட்டு வரிசைக்குப் போயிட்டாங்க.

உண்மையைச் சொல்லிடறேன். அந்த மனுஷனுக்கு நல்லாகணும்னு வேண்டறதுக்கு முன்னாடி, 'என்னைத் தெரியலையே'ன்னுதான் எனக்கு வலிச்சது. அங்க ஒருத்தர் உயிருக்குப் போராடறார், நான் இங்க என்னைப் பத்தி நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். வெட்கமா இருந்துச்சு.

ராத்திரி வீட்டுக்கு வந்து மனைவிகிட்ட சொல்லிட்டேன். "சாம்பார் வாளியோட முடிஞ்சுபோன காதலா?"ன்னு சிரிச்சா. கொஞ்ச நேரம் கழிச்சு அவளே யூடியூப்ல 'நெஞ்சில் ஓர் ஆலயம்' போட்டா.

அந்தப் படத்தை முதல்ல பார்த்தது தோட்டத்துத் திடல்லதான். வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவாங்க. நாங்க பாயைத் தூக்கிட்டுப் போவோம். பொம்பளைங்க முன்னாடி, பையன்க பின்னாடி. அன்னிக்கு எங்க அம்மா முந்தானையில மூக்கைச் சிந்தினது இன்னும் ஞாபகம் இருக்கு.

சின்னப் பிள்ளைகளுக்காகக் கதையைச் சொல்றேன். 1962-ல ஸ்ரீதர் எடுத்த படம். டாக்டர் முரளியா கல்யாண்குமார், சீதாவா தேவிகா, அவ புருஷன் வேணுவா முத்துராமன். புற்றுநோய் வந்த வேணுவைச் சீதா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வர்றா. வைத்தியம் பார்க்கிற டாக்டர் யாருன்னா, ஒரு காலத்துல அவளைக் காதலிச்சவர், இன்னும் மறக்காதவர். கிட்டத்தட்ட முழுப்படமும் ஒரே ஆஸ்பத்திரி செட்டுக்குள்ள. ஒரு மாசத்துக்குள்ள எடுத்து முடிச்சிட்டாங்க. வின்சென்ட் கேமரா அந்த நாலு சுவத்துக்குள்ளேயே சுத்திச் சுத்தி வரும், நமக்கு அலுக்காது. விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் பாட்டு. மறுவருஷமே ஸ்ரீதர் அதை இந்தியில 'தில் ஏக் மந்திர்'னு எடுத்தார்.

திடல்ல பார்த்தப்போ எனக்கு டாக்டர்தான் பெருசாத் தெரிஞ்சார். கடைசியில ஆபரேஷன் ஜெயிக்குது, புருஷன் பிழைக்கிறான், ஓயாம உழைச்ச டாக்டர் செத்துப்போறார். காதல்னா இப்படித்தான் இருக்கணும், உயிரையே கொடுக்கணும்னு 17 வயசுல நினைச்சேன். ஸ்ரீதர் படமே அப்படித்தானே. 1959-ல வந்த 'கல்யாணப் பரிசு'ல அக்காவுக்காகத் தங்கச்சி தன் காதலை விட்டுக்கொடுப்பா. நாம எல்லாம் தியாகத்தைப் பார்த்துக் கைதட்டி வளர்ந்தவங்க.

இந்தத் தடவை பார்க்கும்போது மனைவி ஒரு இடத்துல நிறுத்தினா. வேணு சீதாகிட்ட, நான் போயிட்டா நீ டாக்டரைக் கட்டிக்கோன்னு சொல்ற இடம். "நல்ல மனுஷன்தான். ஆனா அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்னு யாராவது கேட்டாங்களா?"ன்னா. அதுக்கு அப்புறம் வர்ற சுசீலா பாட்டை நான் ஆயிரம் தடவை மின்னல் எஃப்எம்ல கேட்டிருக்கேன். சோகப் பாட்டுன்னு நினைச்சிருந்தேன். அது சோகம் மட்டும் இல்லைங்க, கேள்வி. 'நீங்களா இப்படிச் சொல்றீங்க'ன்னு புருஷனைப் பார்த்து அவ கேக்குற கேள்வி.

எனக்கு உறைச்சது இன்னொரு இடம். பழசை மனசுல வெச்சுக்கிட்டு டாக்டர் சரியா வைத்தியம் பார்க்காம விட்டுடுவாரோன்னு சீதாவுக்கே சந்தேகம் வருது. நேசிச்ச பொண்ணு தன்னைச் சந்தேகப்பட்டா எவ்வளவு வலிக்கும்? அவர் கோபப்படலை. முடிஞ்சதெல்லாம் செய்றேன்னு வாக்குக் கொடுத்துட்டு வேலையைப் பார்க்கப் போறார். இத்தனை வருஷமா நான் அவர் செத்ததைப் பெருசா நினைச்சேன். பெருசு அது இல்லை. கட்டில்ல படுத்திருக்கறவன் யாரா இருந்தாலும் அவன் நோயாளி, அவ்வளவுதான். உள்ளுக்குள்ள என்ன வலிச்சாலும் அந்தக் கை நடுங்கக் கூடாது. சீதா அவருக்கு எந்தக் கடனும் படலை. நேசிச்சது அவரோட கணக்கு.

எனக்கும் அவங்க எந்தக் கடனும் படலை. நான் சொல்லவே இல்லையே. என்னை அவங்க எதுக்கு ஞாபகம் வெச்சிருக்கணும்?

புதன்கிழமை வந்துச்சு, போயிடுச்சு. ஆபரேஷன் எப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. போன் நம்பர் கிடையாது, விசாரிக்கறதும் முறையில்ல. போன வெள்ளிக்கிழமை கவுண்டரைத் திறந்ததும் முதல் சீட்டு நானே எழுதினேன். அவர் பேரும் நட்சத்திரமும் மறக்கலை. காசு என் பாக்கெட்லேர்ந்து போட்டேன். குருக்கள் அந்தப் பேரைச் சொல்லும்போது கண்ணை மூடிட்டு நின்னேன். இந்தத் தடவை என்னைப் பத்தின நினைப்பு வரலை. கொஞ்சம் வந்துச்சு, உடனே போயிடுச்சு.

உங்க வீட்டுல அம்மா, பாட்டி யாராவது இந்தப் படம் பார்த்திருந்தா கேட்டுப் பாருங்க, எந்த இடத்துல அழுதாங்கன்னு. கமெண்ட்ல எழுதுங்க.

அப்புறம், வெள்ளிக்கிழமை கவுண்டருக்கு இன்னும் ஒரு ஆள் தேவைப்படுது. கையெழுத்து தெளிவா இருந்தாப் போதும்.

எல்லாரும் நல்லா இருக்கணும். முருகா சரணம். 🙏