சாத்தாத கதவு

குளிர்நாடுகளில் வாசக்கதவு இடுக்கை அடைப்பது சூடு வெளியே போகாமலிருக்க. சிவகாசியில் நான் அடைத்தது சூடு உள்ளே வராமலிருக்க. பழைய வீட்டின் முன்னறையில் ஏசி போட்டிருந்தேன். கதவுக்கும் வாசப்படிக்கும் நடுவே விரல் நுழையும். ரப்பர் பட்டை ஒட்டினேன். கதவு இறுகச் சாத்தியது.

மறுநாள் கதவு திறந்து கிடந்தது, அம்மிக்குழவி முட்டுக்கொடுத்து.

"என்னம்மா இது?"

"பலமா இழுத்தாத்தான் திறக்குது. அவசரத்துக்கு எப்பிடிய்யா ஓட?"

அம்மா இருபது வருஷம் பட்டாசு ஆபீசில் சரவெடி பின்னியவள். அங்கே வேலையறைக் கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், வழியில் எதுவும் இருக்கக் கூடாது. விதி அது. வீட்டுக் கதவோ உள்பக்கம் திறப்பது.

பட்டையைப் பிய்த்தேன். ஏசியைப் பின்னறைக்கு மாற்றினேன். வாசலில் வெட்டிவேர்த் தட்டி தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்தேன். வறண்ட காற்று ஈரத்தை உறிஞ்சிக் குளிர்ந்து வந்தது.

அம்மா தட்டியை ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். வெளிப்பக்கமாக.