எமது வண்டியின் கியர்ப் பெட்டி

ஜெர்மனியில் வசித்த நாளில், 2018-ஆம் ஆண்டு, எமது பழைய மோட்டார் வண்டியின் தானியங்கிக் கியர்ப் பெட்டி, இரண்டினின்று மூன்றாம் கியருக்கு மாறுங்கால் வழுக்கத் தொடங்கிற்று. பட்டறையார் கேட்ட கூலியோ வண்டியின் விலையினும் மிகுதி. ஆதலின் எண்ணெயை யாமே மாற்றத் துணிந்தோம்.

வடிதிருகைக் கழற்றினோம், கரியென ஒழுகிற்று. பின்னர் நிரப்புந் துளையின் திருகைத் தொட, அஃது அணுவும் அசையவில்லை. எண்ணெயின்றி வண்டி நகராது! அத்திருகையன்றோ முதலிற் கழற்றிப் பார்த்திருத்தல் வேண்டும்? துருநீக்கி விட்டு இரண்டு நாள் காத்திருந்தோம்.

அப்பெட்டிக்கு அளவுகோலும் இல்லை. எஞ்சின் ஓட, எண்ணெய் ஏறக்குறைய 40 பாகை வெப்பமடைகையில், அத்துளைவழி மெல்லென வழியும் அளவே சரியான மட்டம்.

வழுக்கல் நின்றது. பின்செல்லும் கியர் மட்டும் சற்றுத் தாமதித்தே பிடித்தது. வண்டியை வாங்க வந்தவரிடம் அதனை யாம் மறைத்திலோம்.