சாமைக் காட்டுக்கு உன் பாக்டீரியா வேண்டாம்

செம்மேடு,
கொல்லிமலை

அன்புள்ள கயலுக்கு,

அத்தை எழுதுவது. உன் கடிதம் வந்தது. ஐஜெம் என்ற செயற்கை உயிரியல் போட்டிக்கு உங்கள் கல்லூரி அணியில் உன்னைச் சேர்த்துக்கொண்டதை அப்பாயி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். 2004-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஐந்தே அணிகளோடு தொடங்கிய போட்டி அது. இப்போது பாரிசில் நடக்கிறது. சென்னை ஐஐடி மாணவர்கள் போய்வந்த மேடையில் நம் வீட்டுப் பெண்ணும் நிற்கப்போகிறாள் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

ஆனால் நீ கேட்ட இரண்டில் ஒன்றுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். மண்ணில் கரையாமல் கிடக்கும் பாஸ்பரஸைக் கரைக்கும்படி மரபணு மாற்றிய பாக்டீரியாவை நம் ஊர்ச் சாமைக் காட்டில் ஒரு சென்ட் இடத்தில் ஊற்றிப் பார்க்கலாமா என்கிறாய். கூடாது கயல். மாற்றிய உயிர் எதையும் ஆய்வகத்துக்கு வெளியே விடக்கூடாது என்பது உங்கள் போட்டியின் விதி. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகளும் அனுமதி இல்லாமல் விடக்கூடாது என்கின்றன. ஆய்வகத்துக்குள் செய்வதைக் கல்லூரியின் உயிரிப் பாதுகாப்புக் குழு கவனிக்கும். வயலில் விடுவதற்கு டில்லியில் உள்ள மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதி வேண்டும். சரிவுக் காட்டில் ஒரு சென்ட்டுக்கு வேலி எது? ஐப்பசி மழை ஒன்று போதும், மேல்காட்டு மண் கீழ்க்காட்டில் கிடக்கும். மரவள்ளி வந்து சாமையையும் தினையையும் ஒதுக்கிய பிறகும் இங்கே சில குடும்பங்கள் பழைய விதையை விடாமல் காத்துவருகின்றன. அவர்கள் மண்ணில் சோதனை செய்ய நீயும் நானும் முடிவெடுக்க முடியாது.

"நாங்கள் மரபணு மாற்றும் கே-12 ஈ.கோலை ரொம்ப சாதுவான லேப் பாக்டீரியா அத்தை" என்று எழுதியிருக்கிறாய். சாதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் மால்கம் கசாடபான் என்ற பெயரை உன் அணியில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பெயர்பெற்ற மரபணு விஞ்ஞானி. அவர் கையாண்டது வலுவிழக்கச் செய்த பிளேக் கிருமி. உடம்பிலிருந்து இரும்புச் சத்தை இழுத்துக்கொள்ளும் திறன் அதற்கு இல்லாததால் நோய் தராது என்று நம்பினார்கள். 2009 செப்டம்பரில் அந்தக் கிருமியாலேயே அவர் இறந்தார். அவர் உடம்பில் இரும்பு மிதமிஞ்சிச் சேரும் பரம்பரைக் கோளாறு இருந்தது பிறகுதான் தெரியவந்தது. கிருமியின் குறையை அந்த இரும்பு ஈடுகட்டியிருக்கலாம் என்று கருதுகிறார்கள். கிருமி சாதுவா என்பதோடு, தொடுகிறவர் உடம்பு எப்படி என்பதும் கணக்கில் வரும். உன் அணியில் யாருக்காவது நோய் எதிர்ப்பைக் குறைக்கும் சிகிச்சை நடக்கிறதா, ஆஸ்துமா உண்டா என்று வழிகாட்டும் பேராசிரியருக்காவது தெரிந்திருக்க வேண்டும். கையுறையும் கோட்டும் அலுப்பாகத் தெரியும் நாளில் கசாடபானை நினைத்துக்கொள்.

இரண்டாவது, மண் மாதிரி. அதைத் தருகிறேன், ஆனால் எனக்குப் பயம் அதில்தான் அதிகம். வாங்கி வரும் கே-12 என்னவென்று உனக்குத் தெரியும். மண்ணில் இருப்பது தெரியாது. மெலியாய்டோசிஸ் என்ற கொடிய நோயைத் தரும் பாக்டீரியா ஈர மண்ணிலும் வயல் நீரிலும் வாழ்வது. தமிழ்நாட்டிலும் அந்த நோயாளிகள் உண்டு. தட்டில் வளர்ந்தால் சாதாரண சூடோமோனாஸ் போலவே தெரியும். பரிசோதனை முறைகள்கூட அதை வேறொன்றாகக் காட்டியதுண்டு. நல்ல மண்வாசனை வருகிறதே என்று தட்டைத் திறந்து மோந்து பார்ப்பதை நான் நிறைய லேப்களில் பார்த்திருக்கிறேன். நீ அதைச் செய்யவே கூடாது. இன்னதென்று அடையாளம் தெரியும்வரை அந்தத் தட்டுகளைப் பாதுகாப்பு கேபினெட்டுக்குள் மட்டும் திற.

வேலை முடிந்த தட்டுகளை ஆட்டோகிளேவில் வைக்கும்போது பையின் வாயை இறுக்கிக் கட்டாதே, நீராவி உள்ளே போகாது. ஒட்டும் டேப் நிறம் மாறினால் வெளியே சூடு பட்டது என்றுதான் பொருள். உள்ளே கிருமி செத்ததா என்று அவ்வப்போது ஸ்போர் சோதனை வைத்துப் பார்க்கச் சொல். ஆம்பிசிலின் எதிர்ப்பு மரபணு ஏற்றிய கரைசலை அப்படியே சிங்கில் கொட்டும் பழக்கம் உங்கள் லேபில் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். இரவில் தனியாக வேலை செய்யாதே.

பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் கடித நகலை எனக்கு அனுப்பு. அது கைக்கு வந்த பிறகு, நிலத்துக்காரர்களிடம் கேட்டு நானே மண் எடுத்துவைக்கிறேன்.

அன்புடன்,
அத்தை