திருத்தணியும் தங்க வயலும்: பள்ளிப் புத்தகத்தில் இல்லாத சில துணுக்குகள்

திருத்தணி முருகன் கோயிலுக்கு எத்தனை படி என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட 365 என்று சொல்லிவிடும். வருஷத்துக்கு 365 நாள், நாளுக்கு ஒரு படி. டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழாவில் ஒவ்வொரு படியிலும் கற்பூரம் எரியும். அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் மலை மேலே நின்று நகரி மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு, "இதே ஜில்லாக்காரர்கள்தான் ஒரு காலத்தில் உலகத்திலேயே ஆழமான தங்கச் சுரங்கம் ஒன்றைத் தோண்டினார்கள்" என்று சொன்னால் பக்கத்தில் நிற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார்.

நிஜம்தான். கோலார் தங்க வயல் திருத்தணியிலிருந்து நேர்கோட்டில் போட்டால் சுமார் 150 கிலோமீட்டர். இன்றைக்கு அது கர்நாடகம், இது தமிழ்நாடு, நடுவில் ஆந்திரம். ஆனால் 1911 வரைக்கும் திருத்தணி வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. தங்க வயலில் இறங்கிய தொழிலாளிகளில் பெரும்பகுதி அந்த வட ஆற்காட்டுக்காரர்கள். 1911இல் சித்தூர் ஜில்லா தனியாகப் பிரிந்தபோது திருத்தணி அதற்குள் போனது. சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் சுரங்கத்துக்கு ஆள் போய்க்கொண்டேதான் இருந்தது.

தங்க வேட்டை என்றால் நமக்கு உடனே கலிபோர்னியா, ஆஸ்திரேலியா, சார்லி சாப்ளின் என்று ஞாபகம் வரும். நம் ஊரிலும் அசல் தங்க வேட்டை ஒன்று நடந்திருக்கிறது. ஆனால் கோலாரில் அல்ல, நீலகிரி மாவட்டத்துக் கூடலூரை அடுத்த தேவாலா, பந்தலூர் பகுதியில். ஆஸ்திரேலியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்ற நிபுணரை வரவழைத்து ஆராயச் சொன்னார்கள். 1880இல் அவர் அறிக்கை வந்ததும் லண்டனில் பங்குச் சந்தை பைத்தியம் பிடித்தது போல ஆடியது. முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள். காட்டுக்குள் எந்திரங்கள் வந்து இறங்கின. இரண்டு மூன்று வருஷத்தில் எல்லாம் புஸ்ஸென்று போனது. கிடைத்த தங்கம் செலவுக்கே காணவில்லை, போதாக்குறைக்கு மலேரியா. இப்போது அங்கே தேயிலைத் தோட்டம், யானை. பழைய சுரங்க வாய்கள் மட்டும் புதருக்குள் மறைந்து கிடக்கின்றன. லண்டனில் பணம் போட்டவர்களுக்காக யாரும் அழ வேண்டியதில்லை.

கோலார் வேறு மாதிரி. அங்கே முதலில் வந்தவர் தங்கம் தேடி வரவே இல்லை. திப்பு 1799இல் விழுந்த பிறகு மைசூர் எல்லையை அளக்கும் வேலையில் இருந்தவர் ஜான் வாரன் என்ற லெப்டினன்ட். 1802இல் உரிகம், மாரிக்குப்பம் பக்கம் மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்று ஊர் ஜனங்கள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. தங்கம் காட்டுகிறவர்களுக்கு வெகுமதி என்று அறிவித்தார். கிராமத்து ஆட்கள் வண்டி நிறைய மண்ணைக் கொண்டுவந்து அவர் கண் முன்னாலேயே கழுவிக் காட்டினார்கள். தங்கப் பொடி மின்னியது. ஆக, தங்கத்தைக் 'கண்டுபிடித்தது' வாரன் என்று எழுதும்போது கொஞ்சம் யோசித்து எழுத வேண்டும். மண்ணைக் கழுவியவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இந்த வாரன் பற்றி இன்னொரு துணுக்கு. பிற்பாடு இவர் சென்னை வானியல் ஆய்வுக்கூடத்தில் பொறுப்பு வகித்தார். நம் பஞ்சாங்கக் கணக்குகளைப் பற்றி 'கால சங்கலித' என்று ஒரு புத்தகம் எழுதி 1825இல் சென்னையில் வெளியிட்டார். பாண்டிச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் பேப்பர் பென்சில் எதுவும் இல்லாமல், தரையில் சோழிகளை அடுக்கி, வாக்கியங்களை மனப்பாடமாகச் சொல்லிச் சந்திர கிரகணத்தைக் கணித்ததை அதிலே பதிவு செய்திருக்கிறார். கணித வரலாறு எழுதுபவர்கள் இன்றைக்கும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். தங்கத்தைப் பற்றி அவர் எழுதியதைவிட இதுதான் பெரிய புதையல் என்று சொன்னாலும் தப்பில்லை.

திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள இன்னொரு ஆள் உண்டு. ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் பூண்டி அருகே அத்திரம்பாக்கத்தில் பழைய கற்காலக் கோடரிகளை எடுத்தவர். அந்த இடத்தின் கருவிகள் 15 லட்சம் வருஷம் பழையவை என்று 2011இல் ஆய்வு வந்தது. அதே ஃபூட்தான் கர்நாடகத்துப் பாறைகளை நடந்தே ஆராய்ந்து, தங்கம் படிந்திருக்கும் 'தார்வார்' பாறை வரிசைக்குப் பெயர் கொடுத்தவர். 1894இல் மைசூர் சமஸ்தானம் தனியாக ஒரு நிலவியல் துறை தொடங்கியபோது அதற்குத் தலைமை ஏற்றவரும் இவரே. கல்லைக் காதலித்த மனுஷன்!

சரி, சுரங்கத்துக்கு வருவோம். நியூசிலாந்தில் மவோரிகளோடு நடந்த சண்டையில் இருந்துவிட்டு பெங்களூரில் வந்து தங்கிய ஐரிஷ் சிப்பாய் லாவெல், வாரனின் பழைய குறிப்பைப் படித்துவிட்டு 1871இல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கோலார் போனார். 1875இல் உரிமம் கிடைத்தது. கையில் காசு இல்லை, அதனால் உரிமையை விற்றுவிட்டார். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி உள்ளே வந்தது. பணம் கரைந்து, மூட்டை கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் 'சாம்பியன்' தங்கப் படிவம் அகப்பட்டது. அதன் பிறகு 120 வருஷம் ஓட்டம்.

1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காரப்பேட்டை) மாரிக்குப்பத்துக்கு ரயில் பாதை. 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம். பெங்களூர் நகரத்துக்கு மின்சார விளக்கு வந்தது 1905இல்தான். தலைநகரமே இருட்டில் இருக்க, சுரங்கத்தில் பளிச்சென்று வெளிச்சம். வெள்ளைக்காரர்களுக்குப் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். ஊருக்கே 'குட்டி இங்கிலாந்து' என்று செல்லப் பெயர்.

அந்த இங்கிலாந்துக்குப் பக்கத்திலேயே லைன் வீடுகள் இருந்தன. ஒரு அறை, அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். ஊரில் பண்ணையாரிடம் அடிமை போல உழைத்து, பஞ்சத்தில் அடிபட்டு, கூலி காசாகக் கைக்கு வரும் என்று ரயில் ஏறியவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 30 ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள். 2024இல் வந்த 'தங்கலான்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வட ஆற்காட்டு மனிதர்கள் ஓரளவு பரிச்சயம். அதற்கு முன்னால் வந்த 'கேஜிஎஃப்' படங்களைப் பார்த்தவர்களுக்குப் புழுதியும் துப்பாக்கியும்தான் ஞாபகம் இருக்கும். அங்கே தமிழ் பேசியபடி நடமாடிய ஜனங்களைத் தேடினாலும் அந்தப் படங்களில் கிடைக்க மாட்டார்கள்.

சுரங்கம் கடைசியில் 3.2 கிலோமீட்டர் ஆழம் போனது. திருத்தணிப் படிகளை எத்தனை முறை ஏறி இறங்கினால் அந்தக் கணக்கு வரும் என்று யாராவது போட்டுப் பார்க்கலாம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும். மேலே ஏறி வந்ததும் உடம்பைச் சோதனை போடுவார்கள், ஒரு துணுக்குத் தங்கம் ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாதே என்று. உடம்புக்குள் ஒட்டிக்கொண்டு வந்த தூசியை யாரும் சோதிக்கவில்லை. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது 1934இல், இதே கோலாரில்தான்.

சோதனை பொறுக்காமல் ஒரு கட்டத்தில் ஜனங்கள் எழுந்தார்கள். 1930இல் தொழிலாளிகள் எல்லோரும் கைரேகை பதிய வேண்டும் என்று நிர்வாகம் சொன்னது. எங்களைத் திருடர்கள் போல நடத்துவதா என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். பெரிய சங்கம், தலைவர் எதுவும் இல்லாமலே நடந்த போராட்டம் அது. நிர்வாகம் இறங்கி வந்தது. 1946 நவம்பர் 4 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களை அங்கே இன்னும் நினைவு கூர்கிறார்கள்.

படிப்பு விஷயத்திலும் அந்த லைன் வீடுகள் லேசுப்பட்டவை அல்ல. அயோத்திதாசப் பண்டிதரின் தமிழ்ப் பௌத்த இயக்கத்துக்கு மாரிக்குப்பம் ஒரு பெரிய கோட்டை. அவர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகைக்கு இங்கே வாசகர்கள் இருந்தார்கள். 1914இல் அவர் மறைந்த பிறகு 'தமிழன்' தங்க வயலிலிருந்தே சில காலம் வெளிவந்தது. அவருடைய எழுத்துகளை அச்சிட்டுக் காப்பாற்றியதில் தங்க வயல் சித்தார்த்தா புத்தகசாலைக்குப் பெரிய பங்கு உண்டு. பகலெல்லாம் பூமிக்கடியில் இருந்துவிட்டு வந்து ராத்திரி விளக்கடியில் பத்திரிகை படித்தவர்கள்!

விஞ்ஞானப் பிரிவு நண்பர்களுக்கும் ஒரு துணுக்கு. 1965இல், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளோடு சேர்ந்து, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் தடயத்தை இங்கே பிடித்தார்கள். அதே வருஷம் தென்னாப்பிரிக்காவில் இன்னொரு தங்கச் சுரங்கத்திலும் பிடித்தார்கள். உலகத்தில் முதன்முறை.

இனி எல்லைக் கதை. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், பிறகு படாஸ்கர் ஏற்பாடு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்தது. பள்ளியில் இதைப் படிக்கிறோம், கைதட்டுகிறோம். ஆனால் அதே வட ஆற்காட்டிலிருந்து கிளம்பிப்போய்த் தங்க வயலில் தங்கிவிட்டவர்களுக்காக எந்தப் போராட்டமும் நடக்கவில்லை. நடக்கவும் முடியாது, அது மைசூர் மண். அங்கே இரண்டு மூன்று தலைமுறை தமிழிலேயே பேசி, தமிழ் சினிமா பார்த்து வாழ்ந்தது. அண்ணா திமுக வேட்பாளர் அங்கே எம்.எல்.ஏ. ஆன கதையும் உண்டு. கோடு போடுகிறவர்களின் வரைபடத்தில் நிலம்தான் இருக்கும், அதன் மேலே குடியேறியவர்கள் இருக்க மாட்டார்கள் போல.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். ஒரு டன் பாறைக்கு 3 கிராம் தங்கம்தான் வந்துகொண்டிருந்தது, செலவோ பல மடங்கு. அப்போது சுமார் 3,500 பேர் வேலையில் இருந்தார்கள். அந்த 120 வருஷத்தில் எடுத்த தங்கம் சுமார் 800 டன். மிச்சம் நிற்பது சயனைடு கலந்த மண் மேடுகள், 3 கோடி டன்னுக்கும் மேல். மார்ச், ஏப்ரல் காற்றில் அந்தப் புழுதி பறந்து வீடுகளுக்குள் வரும். சினிமாக்காரர்களுக்கு அது நல்ல லொகேஷன்.

காடு மட்டும் தன் கணக்கைத் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறது. தங்க வயலை ஒட்டிய குப்பம், பலமநேர்க் காடுகளில் சுமார் 200 வருஷமாக யானையே கிடையாது. 1980களில் ஒசூர், ஆனேக்கல் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் தானாகவே நடந்து வந்து சேர்ந்தது. அவற்றுக்காக 1990இல் கௌண்டின்யா சரணாலயம் அறிவித்தார்கள். யானைகளுக்கு மூன்று மாநில எல்லையும் ஒன்றுதான். கோலார் மாவட்டத்தில் ஒரு சின்ன வௌவால் இனமும் இருக்கிறது, கோலார் இலைமூக்கு வௌவால். உலகத்தில் வேறெங்கும் இல்லை, எண்ணிக்கை சில நூறுகூடத் தேறாது. அது தொங்கும் பாறைக் குகைக்கு ஆபத்து தங்கத்தால் வரவில்லை, கிரானைட் வெட்டுவதால்.

திருத்தணிக்கு வடக்கே இருக்கும் மலைகளிலும் ஒரு தங்க வேட்டை நடக்கிறது. இது சிவப்புத் தங்கம், செம்மரம். வேலூர், திருவண்ணாமலை, ஜவ்வாது மலைப் பக்கத்து ஆட்கள் கூலிக்கு மரம் வெட்ட பஸ் ஏறி இந்த வழியாகத்தான் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக் கூலிகள். மரத்தை வாங்கிக் கப்பல் ஏற்றுகிறவர்களில் ஒருவர்கூட அன்றைக்குக் காட்டில் இல்லை.

தங்க வயலைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அரக்கோணம் போய் பெங்களூர் ரயிலைப் பிடிக்கலாம். ஜோலார்பேட்டை, குப்பம் தாண்டினால் பிசாநத்தம் என்று ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். அங்கேயும் ஒரு தங்கச் சுரங்கம் இருந்தது, அதுவும் 2001இல் மூடியாயிற்று. பங்காரப்பேட்டையில் இறங்கி மாரிக்குப்பம் வண்டி ஏற வேண்டும். சாயங்காலம் போனால் உட்கார இடம் கிடைக்காது. விடிவதற்கு முன் கிளம்பி பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், செக்யூரிட்டி வேலைக்கும், கம்பெனி வேலைக்கும் போன ஆயிரக்கணக்கான பேர் அந்த நேரத்தில்தான் டிபன் டப்பாவோடு வீடு திரும்பிக்கொண்டிருப்பார்கள்.