சார்பும் சார்பெழுத்தும்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக் கணித நூல் ‘உறவுகளும் சார்புகளும்’ என்ற இயலோடு தொடங்குகிறது. அங்கே எஃப்(எக்ஸ்) என்ற குறியீட்டைக் காணும் மாணவர் பலர் அதைப் பெருக்கலாகவே படிக்கின்றனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. முந்தைய ஆண்டு வரை 3(எக்ஸ்) என்றால் பெருக்கல்தான். 1734-இல் ஆய்லர் கையாண்ட இக்குறியீட்டில் அதே அடைப்புக்குறி வேறொரு வேலையைச் செய்கிறது என்பதை வகுப்பறை பெரும்பாலும் சொல்லாமலே கடந்துவிடுகிறது.

பிரதியிட்டு விடை காண்பதில் இக்குறை மறைந்துவிடும். எஃப்(எக்ஸ்) = 2எக்ஸ் + 5 எனில் எஃப்(3) = 11; மதிப்பெண் கிடைத்துவிடும். எஃப்(2+3) கேட்டால்தான் குட்டு வெளிப்படும். எஃப்(2), எஃப்(3) இரண்டையும் தனித்தனியே கண்டு, 9, 11 எனக் கூட்டி, 20 என்று எழுதுவார்கள். சரியான விடை 15. பெருக்கல் அடைப்புக்குறிக்குள் பங்கிடப்படும். சார்பு அப்படிப் பங்கிடப்படுவதில்லை.

இதை விளக்க நல்ல எடுத்துக்காட்டு தமிழ்ப் பாடவேளையிலேயே இருக்கிறது. உகரத்தில் முடியும் ஒரு சொல்லைக் கொடுத்தால், அவ்வுகரத்தின் மாத்திரையைத் திருப்பித் தரும் விதியொன்றை எண்ணிப் பார்க்கலாம். ‘நாடு’ கொடுத்தால் அரை. ‘நடு’ கொடுத்தால் ஒன்று. ‘பத்து’, ‘எஃகு’ இரண்டுக்கும் அரை; ‘கதவு’க்கு ஒன்று. பல சொற்களுக்கு ஒரே மாத்திரை அமையலாம். ஒரு சொல்லுக்கு இரண்டு மாத்திரை அமையக் கூடாது. உகர ஈற்றுச் சொற்களே மதிப்பகம். ‘பலா’வுக்கு மதிப்பு என்ன என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. வீச்சகத்தில் இருப்பவை அரையும் ஒன்றும் மட்டுமே. (சொல் தனித்து நிற்கும்போது என்று எல்லை வகுப்பது அவசியம்; யகரம் வந்து புணர்ந்தால் குற்றியலுகரம் இகரமாகத் திரிந்துவிடும்.) இவ்விதியில் எக்ஸும் இல்லை, கூட்டலும் இல்லை, ஆயினும் இது சார்பே. சூத்திரம் இருந்தால்தான் சார்பு என்ற எண்ணத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே ஒரு மதிப்பு அமைந்தால் போதும் என்று டிரிக்லே 1837-இல் வகுத்த வரையறை இத்தகையவற்றுக்கும் இடம் தருகிறது.

சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. சார்பெழுத்து பிற எழுத்தைச் சார்ந்தே ஒலிக்கும்; அந்தப் பொருளை மனத்தில் கொண்டு வரும் மாணவி எஃப்(எக்ஸ்) = 7 என்பதைச் சார்பென்று ஏற்கத் தயங்குகிறாள். எக்ஸ் எதுவானாலும் விடை ஏழுதான் என்றால், அது எதைச் சார்ந்திருக்கிறது? மாறிலிச் சார்பு என்று பெயரை மட்டும் சொல்லி ஆசிரியர் அடுத்த கணக்குக்கு நகர்ந்துவிட்டால், அவள் தயக்கம் கவனக்குறைவாகவே கணக்கில் கொள்ளப்படும். உண்மையில் வகுப்பிலேயே ‘சார்பு’ என்ற சொல்லை நிறுத்தி நிதானமாகப் படித்தவள் அவள்தான்.