மைசூருக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள்

ஞாயிறு இரவு ஏழு மணிக்கு அரண்மனை விளக்குகளைப் போடுவார்கள் என்று தெரிந்துதான் நின்றிருந்தேன். இருந்தும், மொத்தமும் ஒரே நொடியில் எரிந்தபோது என்னையறியாமல் "அம்மாடி!" என்றுவிட்டேன். ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள்! சுற்றிலும் செல்போன்கள் உயர்ந்தன. என் மனசு ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டது: கெம்பநஞ்சம்மணி.

நஞ்சன்கூடு பக்கத்துக் களலேயிலிருந்து உடையார் வம்சத்துக்கு வாக்கப்பட்டு வந்தவர். வாணி விலாச சன்னிதானம் என்பது பட்டப்பெயர். கணவர் பத்தாம் சாமராஜர் 1894 டிசம்பரில் கல்கத்தாவில் தொண்டை அடைப்பான் கண்டு இறந்தபோது இவருக்கு வயது 28, மகனுக்குப் பத்து. மகனுக்காக 1902 வரை அரசை நடத்தினார். 1897-ல் மூத்த மகள் கல்யாணத்தின்போது பழைய மர அரண்மனை தீக்கிரையானது. மறுவருஷம் பிளேக். அதற்கெல்லாம் நடுவில்தான், சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தை முடித்துத் தந்த ஹென்றி இர்வினிடம் இந்தப் புது அரண்மனை வேலையை ஒப்படைத்தார்கள். அவர் ஆட்சியில்தான் சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடி, 1902 ஜூனில் கோலார் தங்கவயலைச் சேர்ந்தது. ஆகஸ்டில் மகனிடம் ஆட்சியைக் கொடுத்துவிட்டு அவர் விலகிக்கொண்டார்.

மறுநாள் காலை கோட்டைக்குள் இருக்கும் லட்சுமிரமண சுவாமி கோயிலுக்குப் போனேன். இந்த மண்ணை மிதிக்கத்தான் நான் மைசூருக்கே வந்தேன் என்றுகூடச் சொல்வேன். காரணம், லட்சுமி அம்மணி.

அவருடைய கணவர் இரண்டாம் கிருஷ்ணராஜர் பெயருக்குத்தான் ராஜா. அதிகாரமெல்லாம் ஹைதர் அலி கையில். 1766-ல் கணவர் போனபோது அம்மணிக்கு 24 வயது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவலுக்குள் இருந்தபடியே கும்பினியாருக்கு ரகசியத் தூது அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் சார்பில் திருமலை ராவ் 1782-ல் ஒப்பந்தம் போட்டது நம் தஞ்சாவூரில்! வெளியே தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கணவர் இறந்து 33 வருஷம் காத்திருந்தார். 1799-ல் திப்பு விழுந்தபின், ஜூன் 30 அன்று, பேரன் முறையான மூன்றாம் கிருஷ்ணராஜருக்கு முடிசூட்டினார்கள். பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பவில்லை. ஊரில் அரண்மனை இல்லை, இடித்திருந்தார்கள். இந்தக் கோயிலை ஒட்டிப் பந்தல் போட்டுத்தான் அந்த வைபவம் நடந்தது.

கோயில் படியில் உட்கார்ந்து செல்போனில் ஓர் ஓவியத்தை எடுத்தேன். 1805-ல் தாமஸ் ஹிக்கி வரைந்தது. மூன்று அரண்மனைப் பெண்கள். இவர்களில் ஒருத்தி, அந்தச் சின்ன ராஜாவுக்கு வாக்கப்பட்ட இளைய தேவாஜம்மணி என்கிறார் நைஜல் சான்சலர் என்ற ஆய்வாளர். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். சரிகைப் புடவையை விலக்கி மேல்கையைக் காட்டுகிறாள். அம்மை குத்திக்கொண்ட இடம் அது, ஜனங்கள் பயம் தெளிந்து குத்திக்கொள்ளட்டும் என்றே அப்படி நிற்க வைத்தார்கள் என்பது சான்சலரின் கணிப்பு. இந்தியாவுக்கு அந்த மருந்து வந்து அப்போது மூன்றே வருஷம். யார் கண்ணிலும் படாத அந்தப்புரத்துப் பெண், ஊருக்காகத் தன் கையைத் திறந்து காட்டுகிறாள்!

பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண் எட்டிப் பார்த்து, "யாரு அக்கா இது?" என்று கன்னடத்தில் கேட்டாள். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் சொன்னேன். கேட்டுவிட்டு, குழந்தையின் சட்டைக் கையை மெல்ல மடித்து, தோளுக்குக் கீழே இருந்த ஊசித் தழும்பைக் காட்டினாள்.