வீரனும் நாமும் சோலைக் காடும்

நாயைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் வியாசம் எழுதாதவர் நம்மில் யாரும் இரார். நாமும் எழுதினோம். ‘நாய் நன்றியுள்ள பிராணி, அதற்கு நான்கு கால்களும் ஒரு வாலும் உண்டு’ என்று தொடங்கி, பத்துக்கு ஆறு மார்க்கு வாங்கினோம். குறைந்துபோன அந்த நான்கு மார்க்குக்கு உரிய விஷயம் என்னவென்று இத்தனை வருஷங்களுக்குப் பிறகு கோடைக்கானல் மலையில் நமக்கு விளங்கிற்று. விளக்கியவர்கள் இருவர்: ஒருவர் எழுத்து வாசனை அறியாத ஒரு மலைவாசிப் பெரியவர், மற்றொருவர் வீரன் என்ற நாய்.

சென்ற ஆவணியில் கோடைக்கானலில் ஒரு சிநேகிதர் இல்லத்தில் நாமும் நமது மனைவியும் ஒரு வாரம் தங்கியிருந்தோம். வீரன் அந்த வீட்டுக் காவலன். தேனி ஜில்லாவிலுள்ள கோம்பை என்னும் ஊரின் பெயரைத் தாங்கிய ஜாதியைச் சேர்ந்தவன். செம்மண் நிறம், கறுத்த மூஞ்சி. மேனாட்டு நாய்களைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஏரியைச் சுற்றி வருகிறவர்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினால், இந்தச் சுதேசி வீரனிடம் நமக்குத் தனி மதிப்பு உண்டாயிற்று. அவனும் இரண்டே நாளில் நம்முடைய காலடியை விட்டு நகர மறுத்தான்.

“காட்டுக்குப் போகும்போது வீரனையும் அழைத்துப் போங்கள். அவன் இருந்தால் பயமில்லை” என்றார் சிநேகிதர்.

“யாருக்குப் பயமில்லை என்று கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்” என்றாள் நமது மனைவி. அதை நாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பழனி மலைத் தொடரில் 600 சதுர கிலோ மீட்டருக்கு மேற்பட்ட காடு 2013-ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக்கப்பட்டது. அனுமதிச் சீட்டுப் பெற்றுக்கொண்டு, வழிகாட்டியான பெரியவருடன் விடியற்காலையில் கிளம்பினோம். அவர் வீரனைப் பார்த்ததும் தயங்கி நின்றார்.

“நாய் வேண்டாமுங்க, சாமி. சீட்டுல நாய்க்கு எடம் இல்லீங்களே” என்றார்.

“நாய்க்குத் தனிச் சீட்டு வாங்க இது என்ன ரயிலா? கயிற்றில் பிடித்துக்கொள்கிறோம், வாருங்கள்” என்றோம். படித்தவன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசி அவருக்குப் பழக்கமில்லை. பேசாமல் முன்னே நடந்தார்.

மலைச் சரிவெல்லாம் புல்வெளி. மடிப்புகளில் மட்டும் குட்டையான மரங்கள் அடர்ந்த சோலை. புல்லும் சோலையும் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறுகச் சிறுக விடுகின்றன. வைகையும் அமராவதியும் இம்மலைகளிலிருந்து நீர் பெறுகின்றன. மதுரையில் குழாயைத் திருகுகிறவர்கள் இந்தச் சோலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திருகினாலும் தகும். வெள்ளைக்காரர் காலத்தில் இப்புல்வெளிகளைத் தரிசு என்று எண்ணினார்கள். பின்னர் சீகை மரத்தையும் தைல மரத்தையும் பைனையும் கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரம் வந்த பின்பும் நெடுங்காலம் நாமும் அதையே செய்தோம். இன்று அந்தச் சீகை, வேண்டாத இடத்திலெல்லாம் பரவி நிற்கிறது.

இவற்றையெல்லாம் பெரியவர் சொல்லிக்கொண்டே வந்தார். நமது கவனமோ பாதிக்குமேல் கயிற்றில் இருந்தது. ஒவ்வொரு புதரும் வீரனுக்கு ஒரு புதினப் பத்திரிகை. நம்மைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு நுட்பமான மூக்கு அல்லவா? இழுத்து இழுத்து அவன் கழுத்து இறுகியதைக் காணச் சகிக்கவில்லை. ‘பாவம், வாயில்லா ஜீவன்’ என்று இரக்கப்பட்டுக் கயிற்றை அவிழ்த்துவிட்டோம்.

வீரன் சோலைக்குள் பாய்ந்தான். அரை நிமிஷம் நிசப்தம். பிறகு அவனுடைய குரைப்பு. அதற்குப் பின் கிளைகள் மளமளவென்று முறியும் ஓசை. ஆபத்து வந்தால் நாய் எங்கே ஓடிவரும்? தான் நம்பிய எஜமானனிடந்தான் ஓடிவரும். வந்தான். அவன் பின்னால், முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சராய் போட்டாற்போன்ற கால்களுடன், ஒரு காட்டெருமை வந்தது! அதற்குப் பின்னால், சோலையின் ஓரத்தில், அதன் கன்று நின்றது.

“ஓடாதீங்க, சாமி!” என்ற குரல் கேட்டது. நம்மிருவரையும் ஒரு பெரிய மரத்தின் பின்னே தள்ளினார் பெரியவர். பாய்ந்து வந்த வீரனைக் கட்டிப் பிடித்து, அவன் வாயை இரு கைகளாலும் மூடிக்கொண்டு தரையோடு தரையாய்ப் படுத்தார். காட்டெருமை பத்தடி தூரத்தில் நின்று சீறிற்று. அதன் மூச்சுக் காற்றில் புல் அசைந்ததைக் கண்டோம். எவ்வளவு நேரம் சென்றதென்று நமக்குத் தெரியாது. கன்று ஒரு முறை குரல் கொடுத்தது. தாய் திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாக அதனிடம் போய்விட்டது.

பெரியவர் எழுந்தார். முள் கிழித்து, முழங்கை முழுதும் இரத்தம். நாய் வேண்டாம் என்று சொன்ன ஒரே மனிதர் அவர். நாய் வந்ததற்காக இரத்தம் சிந்தியவரும் அவரே. மேல்துண்டைக் கிழித்துக் கட்டினோம். வாய் திறந்து மன்னிப்புக் கேட்க நாக்கு எழவில்லை.

“நாய் மேல குத்தம் இல்லீங்க. அது வீட்டுக்குக் காவல். காட்டுக்குக் காவல் வேற” என்றார் அவர். நம்மேல் குற்றம் உண்டு என்பதை மரியாதையாகச் சொல்லும் விதம் அது.

இறங்கும் வழியில் வனக் காவலர் நம்மைப் பிடித்துக்கொண்டார். அபராதத்தைக் கட்டினோம். அத்துடன் அவர் விடவில்லை. வீட்டு நாயின் எச்சிலிலும் மலத்திலும் காட்டுக்குப் போகக்கூடிய நோய்களைப் பற்றி எடுத்துச் சொன்னார். டிஸ்டெம்பர் என்ற நோய் 1994-ல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிக் காட்டில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்களைக் கொன்றது. 2018-ல் நமது கீர் வனத்தில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் மாண்டபோதும் அந்நோய் காணப்பட்டது. இம்மலையின் செந்நாயும் நாய்க் குலமே. அந்நோய்க்கு அதுவும் ஆளாகும். சிறுத்தைக்கோ நாய் என்றால் கற்கண்டு. ஆக, நாயால் காட்டுக்குக் கேடு. காட்டால் நாய்க்குக் கேடு. இரண்டுக்கும் நடுவில் இரக்கத்தோடு கயிற்றை அவிழ்த்தவர் நாம்.

மறுநாள் வீரனைக் கட்டிப்போட்டுவிட்டுப் புறப்பட்டோம். அவன் அழுத குரல் தெருக்கோடி வரையில் நம்மைத் தொடர்ந்தது. பெரியவர் கட்டுப்போட்ட கையுடன் அன்றும் வந்தார். முதல் நாள் நமக்குக் கிட்டாத காடு அன்று கிட்டியது. கருமந்திகள் கிளையில் உட்கார்ந்து நம்மை வேடிக்கை பார்த்தன. மலை அணில் நீண்ட வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு பழம் தின்றது. எதுவும் ஓடவில்லை. காலில் ஏறிய அட்டைகளைத் தவிர வேறெதுவும் நம்மை நெருங்கவும் இல்லை.

மாலையில் திரும்பியபோது வீரன் கோபமாயிருப்பான் என்று அஞ்சினோம். அவனோ வாலை ஆட்டி வரவேற்றுவிட்டு, நமது செருப்பை முகர ஆரம்பித்தான். ஒன்றையும் விடவில்லை. புல்லையும் சேற்றையும் கருமந்தியையும் நிதானமாக வாசித்து முடித்துவிட்டு, அந்தச் செருப்பின்மேலேயே தலையை வைத்துத் தூங்கிப்போனான்.

நாய் நன்றியுள்ள பிராணி என்று எழுதிய பையன், அந்த நன்றிக்குப் பாத்திரமானவன் எப்படி நடக்கவேண்டும் என்பதை எழுதாமல் விட்டுவிட்டான். நம்மை நம்பி எங்கும் வருகிற ஜீவனை எங்கே அழைத்துப் போகலாகாது என்று அறிந்திருக்க வேண்டும். நான்கு மார்க்கு குறைந்தது நியாயந்தான்.